இரண்டாள் ரம்பம்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில்: மனித குல வரலாற்றில் நெருப்பைக் கண்டுபிடித்ததற்குச் சற்றுக் கீழேயும், சக்கரத்தைக் கண்டுபிடித்ததற்குச் சற்று மேலேயும் வைத்து எண்ணத்தக்க ஒரு சம்பவம், எங்கள் தெருவில் ஒன்பதாம் எண் வீட்டுக் கொல்லைப்புறத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கும் பத்தே முக்காலுக்கும் இடையில் நடந்தேறியது. அங்கே இருந்தவர்கள் மொத்தம் ஐந்து பேர். அதில் ஒருவர் பழைய இரும்புக் கடைக்காரர். அவர் தராசோடு வந்திருந்தார்.

நெருப்புக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே என்று இடம் ஒதுக்கியது நான் அல்ல, மீட்டர்காரர். வீட்டுக்கு வீடு போய்த் தண்ணீர் மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துக்கொண்டு வருகிற உத்தியோகம் அவருக்கு. சாதாரண வேலையாகத் தெரியும். ஆனால் விருந்தாளிக்குக் காட்டாத இடத்தையெல்லாம் ஜனங்கள் மீட்டர்காரருக்குக் காட்டியே ஆக வேண்டும். மாடிப்படிக்கு அடியில், கோழிக்கூண்டுக்குப் பின்னால், கதவு பாதி திறக்கிற சாமான் அறையில் என்று மீட்டர்கள் எங்கெங்கோ குடியிருக்கின்றன. அப்படி ஒரு சாமான் அறையில், ஒன்பது வருஷத்துக்கு முன்னால், மீட்டர் மேல் துருப்பிடித்த ஒரு செயின் ரம்பம் கிடந்தது. நகர்த்தினால்தான் எண் தெரியும். நகர்த்தினார். வீட்டுக்காரர், "அதை எடுத்துட்டுப் போனா உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்றார். அந்தப் புண்ணியத்தைக் கோணியில் சுற்றி, சைக்கிள் கேரியரில் வைத்து, பள்ளம் வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு, பிறந்த குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவருகிற பக்குவத்தில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒன்று பதினொன்றாகிவிட்டது.

இப்போது கடையில் விற்கிற, ஒற்றைக் கையில் தூக்கிக்கொண்டு மரமேறுகிற பிளாஸ்டிக் சாமான்களை நினைத்துக்கொள்ளக் கூடாது. இவை நம் அப்பாக்கள் அரை டிராயர் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் செய்தவை. தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். ஓட்டினால் பல் ஆடும். மீட்டர்காரர் அவற்றை நட்டு நட்டாகக் கழற்றி, மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, உப்புத்தாளால் தேய்த்து, உடைந்ததற்கு மாற்று தேடி, கிடைக்காததைக் கடைசல் பட்டறையில் செய்து வாங்கி, பழைய வண்ணத்தையே கலந்து பூசி, திரும்பப் பூட்டுவார். மாதத்துக்கு ஒரு தடவை ஒவ்வொன்றையும் மூன்று நிமிஷம் ஓட்டி நிறுத்துவார். அவ்வளவுதான். இவ்வளவு ரம்பம் வைத்திருக்கிற மனிதர் வாழ்நாளில் ஒரு முருங்கைக் கொம்பைக்கூட அறுத்ததில்லை. நான் ஒரு தரம் கேட்டேன். "பூனை வளக்கறவன் எலி பிடிக்கவா சார் வளக்கறான்?" என்றார். பேச ஆரம்பித்தால் கேட்கிறவர் அடியோடு சாய்கிற வரைக்கும் விடமாட்டார் என்பதால், எங்கள் தெருவில் யாராவது "ரம்பம் வருது" என்றால் மிஷினைச் சொல்கிறார்களா, மனிதரைச் சொல்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பதினொன்றும் பின்னறையில் இருந்தன. அந்த வீட்டிலேயே நல்ல அறை அதுதான். இரண்டு ஜன்னல், நாள் முழுக்க வெளிச்சம், நீளமான சுவர். பலகைத் தட்டுகளில் வரிசையாக, ஒவ்வொன்றும் தன் அளவுக்குத் தைத்த உறை போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடம் போகத் தயாரான பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருக்கும். உறைகளைத் தைத்துக் கொடுத்தது அவர் மனைவி, தையல்காரம்மா. அதையும் சொல்லிவிட வேண்டும்.

தையல்காரம்மாவின் இடம் நடை. சமையலறையிலிருந்து பின்னறைக்குப் போகிற மூன்றடி அகல நடையில் ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல், தலைக்கு மேல் ஒரு பல்ப். துணி வெட்டுவதென்றால் ஸ்டூலைச் சமையலறைக்குள் தள்ளிவிட்டு, தரையில் விரித்து, மண்டி போட்டு வெட்ட வேண்டும். நடுவில் மீட்டர்காரருக்குப் பின்னறைக்குப் போக வேண்டியிருந்தால் சுவரோடு சுவராக நண்டு மாதிரிப் பக்கவாட்டில் நகர்ந்து போவார். வெட்டி முடித்து எழுந்திருக்கும்போது அவள் இரண்டு முழங்காலும் கதவுக் கீல் மாதிரிச் சத்தம் கொடுக்கும். நடுச்சுவர் ஒன்றேதான் என்பதால் எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் தும்மினால் எங்கள் வீட்டில் மூக்கைத் துடைத்துக்கொள்வோம்.

அவளிடம் ஒரு கோளாறு உண்டு. தப்பாக மாட்டிய எதையும் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளால் ஆகாது. ஒருமுறை பஸ் நிறுத்தத்தில், முன்பின் தெரியாத ஒருவரின் முழுக்கைச் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சங்கடப்பட்டு நகர்ந்து நின்றார். இவளும் நகர்ந்தாள். கடைசியில், "தப்பா நினைக்காதீங்க, உங்க வலது கையை இடது பக்கம் வச்சுத் தச்சிருக்கான். அதான் கை தூக்கறப்ப பிடிக்குது" என்று சொல்லிவிட்டாள். பஸ் போய்விட்டது. சட்டையைக் கழற்றிக் கொடுங்கள், பிரித்துத் தருகிறேன் என்று அவள் சொல்வதற்குள் அவர் நடந்தே போய்விட்டார்.

பதினொன்றாவதாக வந்ததுதான் பெரியவர். அப்படித்தான் அந்த வீட்டில் பெயர். மற்றதையெல்லாம் அது, இது என்பார்கள். இதை மட்டும் "பெரியவரைத் துடைச்சாச்சா", "பெரியவர் மேல ஈரக் கையை வைக்காத" என்று மரியாதையோடுதான். மரக்கடை ஒன்றின் பின்புறத்தில், தகரக் கூரை காற்றில் பறக்காமல் இருக்கப் பாரமாக வைத்திருந்தார்கள். மழையும் வெயிலும் எத்தனை வருஷம் தின்றதோ. இரண்டு ஆள் பிடித்து ஓட்டுகிற ரம்பம் அது. ஒரு முனையில் இன்ஜினும் இரண்டு கைப்பிடியும். நடுவில் சங்கிலி சுற்றி ஓடுகிற நான்கடி இரும்புப் பட்டை. மறுமுனையில் இன்னொரு ஆள் பிடிக்க ஒரு கைப்பிடி. முப்பது கிலோவுக்குக் குறையாது.

அதற்கு மூன்று வருஷம் செலவழித்தார். மற்றதைப் போல இதை ஒரு தடவைகூட ஓட்டிப் பார்க்க மட்டும் அவருக்கு மனசு வரவில்லை. உள்ளே பிஸ்டன் இறுகிப் போயிருந்தது. டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊறவிட்டு, தினம் வேலைக்குப் போகுமுன் மரக்கட்டை வைத்து மூன்று தட்டு. நான்காவது தட்டினால் கோபம் வரும், கோபம் வந்தால் உடையும் என்பது அவர் கொள்கை. நாற்பத்தோராம் நாள் ஒரு நூல் அளவு நகர்ந்தது. அன்றைக்கு வேலைக்கே போகவில்லை. கார்புரேட்டரின் துண்டுகள் ஃபிரிட்ஜில் வெண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்தன. முட்டைத் தட்டில் நான்கு முட்டை, இரண்டு ஸ்பார்க் பிளக். காலையில் முட்டை அவிக்க எடுக்கிறவள் பார்த்து எடுக்க வேண்டும். ஒரு நாள் பார்க்காமல் எடுத்துவிட்டாள். நன்றாகச் சுத்தமாகிவிட்டது என்று அவர் சந்தோஷப்பட்டாராம்.

சங்கிலியில் அறுபத்தாறு பல். ஒவ்வொன்றையும் அரத்தால் கையாலேயே தீட்டினார். வருஷக்கணக்காக மீட்டரைக் குனிந்து குனிந்து பார்த்ததில் அவருக்குக் கழுத்து மடங்காது. அதனால் பட்டையைச் சங்கிலியோடு தலைகீழாக, கூரைக் கட்டையிலிருந்து முகத்துக்கு நேரே தொங்கவிட்டு, நின்றவாக்கில் தீட்டுவார். நாளைக்கு ஒரு பல், முடிந்தபின் திரும்பவும் முதலிலிருந்து. இப்படி ஒரு வருஷத்துக்கு மேல் அந்தச் சங்கிலியைத் தலைகீழாகவே பார்த்து வந்தார். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். அவர் வைத்துக்கொள்ளவில்லை.

வினை வந்தது வெள்ளைத் துணி ரூபத்தில். ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கு நூற்றிருபது சட்டை தைக்கிற வேலை தையல்காரம்மாவுக்குக் கிடைத்தது. இதுவரை வந்ததில் பெரியது. அடுக்கடுக்காக மடித்து ஒரே தடவையில் வெட்ட வேண்டும். எட்டடிக்கு நாலடி மேஜை இருந்தால்தான் முடியும். நடையில் மேஜை போட்டால், மேஜை இருக்கும், அவள் இருக்க முடியாது. பின்னறையைக் கேட்டாள். "பாக்கலாம்" என்றார். அந்தச் சொல்லை அவர் ஒன்பது வருஷமாகச் சொல்லி வந்தாலும், ஒரு தடவைகூட எதையும் பார்த்ததாகத் தகவல் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் நடையில் எட்டு மடிப்பு வெள்ளைத் துணியை விரித்து மண்டி போட்டிருந்தபோது, அவர் கையில் சங்கிலி எண்ணெய்க் கேனை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நண்டு நடை நடந்தார். ஒரு சொட்டு விழுந்தது. ஒன்றேதான். நல்ல எண்ணெய், ஊறுகிற குணமுள்ளது. எட்டு மடிப்பையும் ஊறித் தரையைத் தொட்டது. எட்டுச் சட்டைக்கு முதுகு போயிற்று.

அவள் கத்துவாள் என்று சுவருக்கு இந்தப் பக்கம் நான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். அவள் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்திருக்க வேண்டும், சற்று நேரம் பிடித்தது.

"ஏங்க. மிஷின்னா வேலை செய்யணும். என் மிஷின் தைக்குது. உங்க மிஷின் என்ன பண்ணுது?"

"ஓடுது."

"ஓடி?"

எண்ணெய்க் கேனின் மூடியை இறுக்குகிற சத்தம் கேட்டது.

"கொல்லையில மரம் விழுந்து ஒரு மாசமாக் கெடக்கு. வர்ற ஞாயித்துக்கிழமை உங்க பெரியவர் அதை ஒரே ஒரு வெட்டு வெட்டட்டும். இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் வரணும். வந்துட்டா, அந்த ரூமைப் பத்தி நான் இனிமே வாயே திறக்க மாட்டேன். வரலையா, பதினொண்ணும் இரும்புக் கடைக்குப் போகணும். நான் அங்க மேஜை போட்டுக்கறேன்."

"பதினொண்ணுமா?"

"உறையோட."

கொல்லையில் கிடந்தது தூங்குமூஞ்சி மரம். போன மாதம் அடித்த காற்றில் வேரோடு சாய்ந்து, தலை என் பக்கமும் கால் அவர்கள் பக்கமுமாக மதிலை உடைத்துக்கொண்டு படுத்திருந்தது. அடிமரம் இரண்டடிக்குக் குறையாத கனம். அறுக்க வந்த ஆட்கள் அதைச் சுற்றி வந்து, டீ குடித்து, தலையைச் சொறிந்துவிட்டுப் போயிருந்தார்கள்.

போட்டி என்று வந்ததும் நடுவர் ஒருவர் தானாக முளைத்தார். தையல்காரம்மாவின் அண்ணன். தரக்கட்டுப்பாட்டு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தத் தரத்தை எவ்வளவு கட்டுப்படுத்தினார் என்பது தெரியாது, ஆனால் பேச்சு மட்டும் சுற்றறிக்கை வாசிக்கிற தோரணையில்தான் வரும். டீயில் சர்க்கரை குறைந்தால்கூட, "இனிப்பு நிர்ணயித்த அளவில் இல்லை" என்பார். ஆகவே அதிகாரி என்றே சொல்லுவோம். தோல்வி உறுதி என்ற நம்பிக்கையில் அவரே போய் இரும்புக் கடைக்காரரை ஞாயிறு பத்து மணிக்கு வரச் சொல்லி வைத்துவிட்டார். அது மட்டும் போதாதென்று, வெள்ளிக்கிழமை வந்து தங்கையிடம், பெட்ரோலில் ஒரு கரண்டி சர்க்கரை கலந்தால் இன்ஜின் ஜென்மத்துக்கும் ஓடாது என்று ரகசியக் குரலில் ஆலோசனை சொன்னார். அவருடைய ரகசியக் குரல் மூன்று வீட்டுக்குக் கேட்கும்.

"அண்ணே," என்றாள் அவள், "தையல்ல ஏமாத்துனா முதல் துவைப்புலயே பல்லைக் காட்டிரும். அந்த ரூம் எனக்கு வேணும். நேரா வேணும்."

சனிக்கிழமை மத்தியானம் மீட்டர்காரர் என்னைப் பின்னறைக்குக் கூப்பிட்டார். போகிறபோது எனக்குள் நாலைந்து கிண்டல் தயாராக இருந்தன. உள்ளே போய்ப் பெரியவரைப் பார்த்ததும் ஒன்றுகூட வெளியே வரவில்லை. உறை எடுத்திருந்தது. ஜன்னல் வெளிச்சம் அந்த உலோக உடம்பின் மேல் தண்ணீர் மாதிரி நின்றது. இன்ஜினைச் சுற்றிய காற்றுத் தகடுகள் ஒவ்வொன்றும், புத்தம் புதுப் புத்தகத்தின் பக்கங்கள் போல, ஒட்டாமல் வளையாமல் இருந்தன. தகரக் கூரைக்குப் பாரமாகக் கிடந்த சாமானா இது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். அதன் முன்னால் நான் செருப்பைக் கழற்றி வைத்திருந்ததை வெளியே வரும்போதுதான் கவனித்தேன்.

அவர் பட்டையில் சங்கிலியை மாட்டிக்கொண்டிருந்தார். முகம் வெளுத்திருந்தது. மூன்று நாளாகச் சோறு இறங்காமல் ரொட்டியும் டீயும்தான் என்று பார்த்தாலே தெரிந்தது.

"சார், இதச் செஞ்சவன் யாருன்னு நமக்குத் தெரியாது. போய்ச் சேந்திருப்பான்," என்றார். "ஆனா இந்த நட்டை இவ்வளவுதான் இறுக்கணும், இதுக்கு மேல கூடாதுன்னு அவன் ஒரு கணக்கு வச்சிருக்கான் பாருங்க, அந்தக் கணக்கு இன்னும் இதுக்குள்ள உக்காந்திருக்கு. நான் இறுக்கறப்ப என் கையை அவன் பிடிச்சு நிறுத்தறான். சத்தியமாச் சொல்றேன்."

அறுத்துவிடுமா என்று கேட்டேன்.

"தெரியாது சார். நான் எதையுமே அறுத்ததில்லையே."

சற்று நேரம் சங்கிலியைத் துணியால் துடைத்தார். "அவ கேட்டதுல தப்பில்ல. அதுதான் பயமா இருக்கு," என்றார்.

ஞாயிறு காலை மழை விட்டிருந்தது. மரப்பட்டை ஊறிக் கறுத்திருந்தது. இரும்புக் கடைக்காரர் தள்ளுவண்டியைப் பின்வாசலில் நிறுத்திவிட்டுத் தராசைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். அவள் எல்லோருக்கும் டீயும் அவித்த முட்டையும் கொடுத்தாள். அதிகாரி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்து, விழுந்த மரத்தின் மேல் ஒரு காலை வைத்து, பன்னிரண்டு நிமிஷம் உரையாற்றினார். வெட்டு என்றால் என்ன, துண்டு என்றால் என்ன, ஒட்டிக்கொண்டிருக்கிற சிலாம்பு துண்டில் சேருமா சேராதா என்று விளக்கினார். மறுமுனைக் கைப்பிடியைப் பிடிக்க ஆள் வேண்டுமே என்ற கேள்வி வந்தபோது, நடுவரே பிடித்தால்தான் பாரபட்சம் இருக்காது என்று சொல்லி, கையுறையை வாங்கி ஒவ்வொரு விரலாக மாட்டிக்கொண்டார்.

மீட்டர்காரர் கயிற்றை இழுத்தார். ஒன்றுமில்லை. இன்னொரு தடவை. பெட்ரோல் வாசனை வந்தது. ஏழாவது இழுப்பில் உள்ளே யாரோ தொண்டையைக் கனைத்தார்கள். ஒன்பதாவதில் நீலப் புகை ஒரு வளையமாக வந்தது. இரும்புக் கடைக்காரர் தராசின் முள்ளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். பதினொன்றாவது இழுப்பில் பெரியவர் எழுந்துவிட்டார்.

அதைச் சத்தம் என்று எழுதினால் போதாது. முதலில் உள்ளங்காலில் வந்தது. அப்புறம் முழங்காலில், அடிவயிற்றில். காது கடைசியில்தான் கேட்டது. வாளியில் இருந்த தண்ணீரில் வட்டம் வட்டமாகச் சுருக்கம் விழுந்தது. மதில் மேல் இருந்த பறவைகள் எல்லாம் ஒரே வார்த்தை சொன்னது போல ஒரே நேரத்தில் கிளம்பின. அறுபது வருஷம் மண்ணையும் மழையையும் தின்றுகொண்டு வாய் மூடிக் கிடந்த ஒன்று, மொத்த அறுபது வருஷத்துப் பேச்சையும் ஒரே மூச்சில் ஆரம்பித்தால் எப்படி இருக்கும், அப்படி. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. நான் எதற்கும் புல்லரிக்கிற ஆள் இல்லை. கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்றால்கூட யாராவது நாற்காலியை இழுக்கிறார்களா என்றுதான் பார்ப்பேன்.

மறுமுனைக் கைப்பிடி கீழே கிடந்தது. அதிகாரி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்தார். எப்போது போனார் என்று யாரும் பார்க்கவில்லை. சட்டைக் காலர் மட்டும் தெரிந்தது. மீட்டர்காரர் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில் எனக்கு என் செருப்பு வார் பிய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டிய அவசரம் வந்துவிட்டது. இரும்புக் கடைக்காரர் தராசை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

அவள்தான் வந்தாள். கழுத்தில் அளவு டேப், விரலில் கழற்ற மறந்த தையல் தொப்பி. இரண்டு துணி உருண்டையைக் காதில் திணித்துக்கொண்டு, குனிந்து, அந்தக் கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். அவள் வேண்டியது அந்த மிஷின் தோற்க வேண்டும் என்பது. ஆனால் தோற்பதற்கும் இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

பட்டையை மரத்தின் மேல் இறக்கினார்கள். கீச்சென்று ஒரு ஓலம். புகை வந்தது. மரத்தூள் வரவில்லை. மீட்டர்காரர் அழுத்தினார். புகை கூடியது. கருகல் வாசனை அடித்தது. இன்னும் அழுத்தினார். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இரண்டு நிமிஷம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், மரத்தில் அரை அங்குல ஆழத்துக்குக் கறுப்பாக ஒரு தடம், தேய்த்து மெருகேற்றியது மாதிரி பளபளவென்று. அவர் மிஷினை நிறுத்தினார். தெரு முழுக்க அமைதி காதில் இரைந்தது.

தொட்டிக்குப் பின்னாலிருந்து அதிகாரி வெளியே வந்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, "மணி பத்து பதினெட்டு. வெட்டு நிகழவில்லை. ஆகவே..." என்று தொடங்கி முழுதாக அறிவித்தார். மீட்டர்காரர் ஈர மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டார். பெரியவரின் மேல் ஒரு கையை வைத்திருந்தார். கை சுட்டிருக்கும், எடுக்கவில்லை. இரும்புக் கடைக்காரர் மரியாதை தெரிந்தவர், வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

அறை அவளுக்கு வந்துவிட்டது. இரண்டு ஜன்னலும், நீளச் சுவரும், எட்டடி மேஜையும். முழங்காலுக்கு விடுதலை. அவள் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை. பேசாமல் இருந்தாலே போதும். ஒன்பது வருஷம் பொறுத்திருந்த ஆள்தானே.

ஆனால் அவள் கைப்பிடியை விடாமல் நின்றிருந்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, குனிந்து, தன் முனையில் சங்கிலி வளைந்து திரும்புகிற இடத்தையே பார்த்தாள். உதடு அசைந்தது. யோசிக்கும்போது குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொள்கிற பழக்கம் அவளுக்கு. இப்போது ஊசி இல்லை, உதடு மட்டும் கவ்வியது. தையல் தொப்பி போட்ட விரலால் மேல்வரிசையில் ஒரு பல்லைத் தொட்டாள். பின்னறை ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். திரும்பவும் பல்லைப் பார்த்தாள். பஸ் நிறுத்தத்தில் அந்த மனிதரின் சட்டையை எப்படிப் பார்த்திருப்பாள் என்று எனக்கு அப்போது விளங்கிவிட்டது.

"ஏங்க," என்றாள். "இந்தப் பல்லு எந்தப் பக்கம் பாக்கணும்?"

அவர் நிமிரவில்லை. "முன்னால," என்றார்.

"இது உங்களப் பாத்துட்டு இருக்கு. ஊசியத் திருப்பி மாட்டுன மாதிரி. ஓடும், தையல் விழாது."

அதிகாரிக்குப் பதற்றமாகிவிட்டது. "பாப்பா, முடிவு அறிவிச்சாச்சு. இனிமே திருத்தத்துக்கு இடமில்ல. நீ சும்மா இரு."

"தப்பா மாட்டியிருக்கறதப் பாத்துட்டு எப்படிண்ணே சும்மா இருக்கறது?"

மீட்டர்காரர் எழுந்து வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். ஒரு வருஷம் தலைகீழாகத் தொங்கவிட்டுத் தீட்டியதில், மேல்வரிசைப் பல் தன்னைப் பார்த்திருப்பதே சரி என்று அவர் கண் படித்து வைத்திருந்தது. நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று செத்தவன் வந்து கையைப் பிடித்துச் சொன்னானே, சங்கிலி எந்தப் பக்கம் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சூடு ஆறக் காத்திருந்து, நட்டுகளைக் கழற்றி, சங்கிலியைத் திருப்பி, மாட்டி, முறுக்கி, எண்ணெய் விட்டார். உரசியதெல்லாம் பல்லின் முதுகுதான், கூர் அப்படியே இருந்தது. அவள் திரும்பவும் துணி உருண்டையைக் காதில் வைத்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒரே இழுப்பு.

அடுத்து நடந்ததை நான் நாற்பது விநாடி என்று எண்ணினேன். பட்டை மரத்தில் இறங்கியது. அழுத்தவே இல்லை. தன் பாரத்துக்குத் தானாக, சூடான கத்தி வெண்ணெயில் போவது போலக்கூட இல்லை, தண்ணீரில் போட்ட கல் மாதிரி இறங்கியது. மரத்தூள் பொடியாக இல்லை, நீள நீளச் சீவலாக, வெளுப்பாக, அருவி மாதிரி அவர் காலடியில் கொட்டிக் கணுக்காலை மூடியது. பச்சை மர வாசனை கொல்லையை நிறைத்தது. இந்த முனையில் கழுத்து மடங்காத ஒரு மனிதர், அந்த முனையில் முழங்கால் மடங்கியே தேய்ந்த ஒரு மனுஷி, நடுவில் இடி மாதிரி ஒன்று. இருவர் கண்ணும் பட்டை மேல்தான். இவர் கொஞ்சம் தாழ்த்தினால் அவள் கொஞ்சம் தாழ்த்தினாள். யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. இரண்டடி மரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு இரண்டாகப் பிரிந்து, என் வீட்டுப் பக்கம் ஒன்றும் அவர்கள் வீட்டுப் பக்கம் ஒன்றுமாக மண்ணில் உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது.

மிஷின் நின்றது. ஒவ்வொருவராகப் போய் வெட்டின முகத்தைத் தொட்டுப் பார்த்தோம். கன்னத்தை வைத்துப் படுக்கலாம், அவ்வளவு வழவழப்பு. நடுவிலிருந்து வளையம் வளையமாக அந்த மரத்தின் அத்தனை வருஷமும் திறந்து கிடந்தது. இரும்புக் கடைக்காரர் தராசைக் கீழே வைத்துவிட்டு, பெரியவரை ஒரு விரலால் தொட்டு, "இத எடை போடறதா? என் கையி அழுகிரும்" என்று சொல்லிவிட்டு வெற்றுத் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். அதிகாரி வெள்ளைச் சட்டையில் தொட்டிப் பாசியோடு வந்து, குனிந்து, வாயைத் திறந்து, ஒன்றும் அறிவிக்காமல் மூடிக்கொண்டார். அவர் வாழ்க்கையில் அது முதல் முறை என்று நினைக்கிறேன். மீட்டர்காரர் அழுதுகொண்டிருந்தார். அவள் சிரித்தாள். கை இரண்டும் இன்னும் நடுங்கிக்கொண்டிருந்ததை எல்லோருக்கும் தூக்கிக் காட்டி, "இன்னிக்கு ஊசில நூல் கோத்தாப்பலதான்" என்றாள்.

நெருப்புக்குக் கீழே, சக்கரத்துக்கு மேலே என்று மீட்டர்காரர் சொன்னது அப்போதுதான். நான் மறுக்கவில்லை. இன்றைக்கும் மறுக்க மாட்டேன். அந்த வெட்டு முகத்தில் நான் கை வைத்திருந்த நேரத்தில், மனிதன் செய்ததில் கோணல் எதுவுமே இல்லை என்றும், ஒரு கண் சரியாகப் பார்த்து ஒரு வாய் சரியாகச் சொன்னால் உலகத்தில் தப்பாக மாட்டிய எல்லாமே திரும்பிக்கொள்ளும் என்றும் எனக்குத் தோன்றியது.

அவள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினாள். அறையைப் பற்றி அப்புறம் வாய் திறக்கவில்லை. அவரும் நன்றி மறந்தவர் அல்ல, பின்னறையின் நட்டநடுவில் பெரியவருக்கென்று எட்டடிக்கு நாலடியில் ஒரு மேடை செய்து, வெட்டுக்கு உதவிய அவள் கையாலேயே அதற்கு ஒரு வெல்வெட் விரிப்புத் தைத்துப் போடச் சொன்னார்.

நூற்றிருபது சட்டையையும் அவள் நடையில் மண்டி போட்டுத்தான் வெட்டினாள்.